உரோமத்தின் வேலை என்ன? நோர்வே வனப்பூனை பற்றி வாசகர் கேள்விகள்

வசந்தம் பிறந்தால் வனப்பூனைக் கடிதங்களும் வந்துவிடுகின்றன. சோபா முழுவதும் உரோமம் என்று ஒருவர், குட்டி வாங்கலாமா என்று இன்னொருவர். நான் ஒஸ்லோவில் மிருக வைத்தியராக வேலை செய்கிறேன். வீட்டில் 'பூசணி' என்ற செம்மஞ்சள் நிற ஆண் வனப்பூனையும் வளர்க்கிறேன். அதனால் இந்தக் கடிதங்கள் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. இந்த மாதப் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

என் மகளுக்கு 12 வயது. நோர்வே வனப்பூனைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நாங்கள் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். காட்டுக் குணம் உள்ள பூனை வீட்டுக்குள் அடங்குமா? எங்களோடு இருக்கும் மாமியாருக்குப் பூனை என்றாலே கொஞ்சம் பயம்.
– வாசகி, லோரென்ஸ்கூக்

அடங்கும், யோசிக்க வேண்டாம். பண்ணைக் களஞ்சியங்களில் எலி பிடித்துக்கொண்டு, மனிதரை அண்டியே வாழ்ந்த பூனைகளின் வழிவந்தது இது. ஆள் நடமாட்டம் அதற்குப் பிடிக்கும். நீங்கள் சமையலறைக்குப் போனால் பின்னாலேயே வரும், படுக்கப் போனால் அங்கேயும் வரும். ஆனால் தூக்கி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் நழுவி இறங்கிவிடும். உங்கள் மாமியாருக்கு இது நல்ல செய்தி. கேட்காமல் மடியில் ஏறும் பூனைகள் இந்த இனத்தில் குறைவு. இரண்டடி தள்ளி உட்கார்ந்து அவர் கீரை ஆய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும். குரலும் மெல்லியது. சில மாதங்களில் அவரே அதனோடு பேசத் தொடங்கிவிட்டால் நான் வியப்படைய மாட்டேன்.

மாடிவீட்டில் இரண்டு காரியங்களைக் குட்டி வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள். முதலாவது, பல்கனிக்கும் திறக்கும் ஜன்னல்களுக்கும் வலை. 'பூனை விழாது' என்று நம்பியவர்களின் பூனைகளுக்குத் தாடை எலும்பு கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டாவது, ஏறுவதற்கு உயரமான கம்பம். வனப்பூனை தரையில் வாழ விரும்பும் பூனை இல்லை. அலமாரியின் உச்சி, குளிர்சாதனப் பெட்டியின் மேற்பகுதி என்று வீட்டிலேயே உயர்ந்த இடத்தைத்தான் தேடும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஒல்லிக் கம்பங்கள் 7 கிலோ பூனை பாய்ந்தால் சரிந்துவிடும். அடிப்பலகை கனமாக இருக்கட்டும், அல்லது சுவரோடு திருகி இறுக்குங்கள். மணல்பெட்டியும் பெரிதாக வேண்டும். பூனைக்கென்று விற்கும் பெட்டிகளைவிட, துணிகள் போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று நன்றாக உதவும்.

ஆண் பூனை பொதுவாக 6 முதல் 9 கிலோ வரை வரும். பெண் பூனை 4 முதல் 6 கிலோவுக்குள் நிற்கும். முழு வளர்ச்சிக்கு நாலைந்து வருடங்கள் எடுக்கும். முதல் வருடத்தில் நீண்டு மெலிந்து கால்களாகவே தெரிந்தால் கவலைப்படாதீர்கள். 12 வாரம் ஆகும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். பகல் முழுவதும் வீட்டில் ஆள் இல்லையென்றால் ஒன்றுக்குப் பதில் இரண்டாக எடுப்பது நல்லது. மாமியார் வீட்டில் இருக்கிறார் என்பதால் உங்களுக்கு ஒன்றே போதும்.

ஏப்ரல் தொடங்கியதிலிருந்து எங்கள் பூனையின் உரோமம் கொத்துக் கொத்தாக வருகிறது. அக்குளிலும் பின்தொடையிலும் சடை பிடித்திருக்கிறது. முழுவதும் மழித்துவிட்டால் கோடைக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்கிறார் கணவர். வாரம் ஒருமுறை குளிப்பாட்டவும் யோசிக்கிறோம்.
– வாசகி, பேர்கன்

மழிக்க வேண்டாம். வாராந்தக் குளியலும் வேண்டாம். உங்கள் கணவர் அன்பினால்தான் சொல்கிறார் என்று தெரிகிறது. ஆனால் இந்த உரோமம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் அவரே இயந்திரத்தைத் திருப்பி வைத்துவிடுவார்.

வனப்பூனைக்கு இரண்டு அடுக்கு உரோமம். உள்ளே கம்பளிச் சட்டை, மேலே மழையங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளடுக்கு குட்டையாக, அடர்த்தியாக, பஞ்சு போல இருக்கும். உடற்சூட்டைப் பிடித்து வைப்பது அதுதான். மேலடுக்கு நீளமாக, சற்று முரடாக, லேசான எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். மழையும் ஈரப்பனியும் அதில் பட்டு வழுக்கி விழுந்துவிடும். உங்கள் பூனை பேர்கன் மழையில் நனைந்து வந்தால் விரல்களை உள்ளே விட்டுப் பாருங்கள். தோல் காய்ந்திருக்கும். அடிக்கடி ஷாம்பு போட்டால் அந்த எண்ணெய் போய்விடும், மழை உள்ளே இறங்கும். டீசலோ எண்ணெயோ மேலே கொட்டினால் ஒழிய இந்தப் பூனைக்குக் குளியல் தேவையில்லை.

பகல் நீளும்போது பூனையின் உடல் அதைக் கணக்கெடுத்துக்கொண்டு குளிர்காலக் கம்பளியைத் தானே கழற்றத் தொடங்குகிறது. நீங்கள் காணும் கொத்துகள் எல்லாம் அந்த உள்ளடுக்குத்தான். ஜூன் மாதத்தில் கழுத்தைச் சுற்றிய பிடரி குறைந்து, தொடை உரோமமும் மெலிந்து, வாலையும் காது நுனிக் குஞ்சத்தையும் தவிர மற்றதெல்லாம் சாதாரணப் பூனை போல ஆகிவிடும். கோடைக்கான ஏற்பாட்டை அது தானே செய்துகொள்கிறது. மழித்தால் மேலடுக்கும் சேர்ந்து போகும். அது வெயிலையும் தடுக்கிற உரோமம். போனால் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். மழித்த பிறகு உரோமத்தின் தன்மையே மாறி, முன்னைவிட அதிகம் சடை பிடித்த பூனைகளையும் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது சீவுவது மட்டும்தான். உருளைப் பற்கள் கொண்ட உலோகச் சீப்பு ஒன்று வாங்குங்கள். ஒரு பாதி அகலப் பற்களும் மறுபாதி நெருக்கப் பற்களுமாக இருந்தால் நல்லது. மென்மையான பிரஷ் மேலடுக்கை மட்டும் பளபளப்பாக்கிவிட்டு அடியில் இருக்கும் சடையை விட்டுவிடும். ஏப்ரல், மே மாதங்களில் தினமும் ஐந்து நிமிடம் சீவுங்கள். மற்ற மாதங்களில் வாரம் ஒன்றிரண்டு முறை போதும். காதுகளின் பின்புறம், அக்குள், வயிறு, பின்தொடை ஆகிய நாலு இடங்களையும் தவறவிடாதீர்கள். முதுகை மட்டும் சீவிவிட்டு 'சீவினேன்' என்று சொல்பவர்களின் பூனைகளுக்குத்தான் அக்குளில் சடை பிடிக்கிறது.

இப்போது பிடித்திருக்கும் சடையைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். பூனையின் தோல் மெல்லியது. சடையை இழுத்துப் பிடிக்கும்போது தோலும் கூடவே மேலெழும். வெட்டியது சடையா தோலா என்பது இரத்தம் வந்த பிறகுதான் தெரியும். கொஞ்சம் சோளமாவைத் தூவி, சடையின் அடியைப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து விரலாலேயே பிரியுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. தோலோடு ஒட்டிய சடை என்றால் மிருக வைத்தியரிடம் போய் அந்த இடத்தை மட்டும் மழித்துக்கொள்ளலாம்.

சீவுவதற்கு இன்னொரு பெரிய காரணம் இருக்கிறது. என் வேலையில் நான் ஓயாமல் சொல்வதும் இதுதான். இந்த உரோமம் நோயை மறைக்கும். குட்டை உரோமப் பூனை மெலிந்தால் கண்ணுக்குத் தெரியும். வனப்பூனை ஒரு கிலோ குறைந்தாலும் பார்வைக்கு அதே பருமனில்தான் இருக்கும். சீவும்போது மறு கையால் விலா எலும்புகளைத் தடவிப் பாருங்கள். மெல்லிய சதைக்கு அடியில் எலும்புகள் தட்டுப்பட வேண்டும். துருத்தவும் கூடாது, தேடும்படியும் இருக்கக் கூடாது. கட்டி, காயம், உண்ணி எல்லாம் அந்தக் கையில்தான் அகப்படும். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைப்பதும் நல்லது. தடுப்பூசிக்கென்று வந்த பூனையைத் தூக்கிய கணத்தில் 'இது ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது' என்று நான் கேட்டு, வீட்டாரின் முகம் வாடியதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

உதிரும் உரோமத்தைப் பூனை நக்கி விழுங்கும், எப்போதாவது உருண்டையாகக் கக்கும். அது இயல்பு. வாரம் தவறாமல் கக்கினாலோ, கக்கிக்கொண்டே சாப்பிடாமல் ஒரு நாள் முழுக்கக் கிடந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

அன்ரி, எங்கள் பூனை பைன் மரத்திலிருந்து தலை கீழே இருக்க நடந்து இறங்குகிறது. பக்கத்து வீட்டுப் பூனை பின்பக்கமாகத்தான் இறங்கும். ஏன்?
– 9 வயது வாசகர், ஸ்தவங்கர்

கண்ணா, மிக நன்றாகக் கவனித்திருக்கிறாய்! பூனையின் நகங்கள் உள்நோக்கி வளைந்தவை. மேலே ஏறும்போது அவை மரத்தில் மாட்டிக்கொள்ளும். தலைகீழாக இறங்கினால் பிடி வழுக்கும், அதனால்தான் பெரும்பாலான பூனைகள் பின்பக்கமாக இறங்குகின்றன. வனப்பூனைக்கு நகங்கள் மிக உறுதியானவை, கால்களும் பலமானவை. பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் செங்குத்தான பாறையிலும் மரத்திலும் தலையை முன்னே நீட்டிக்கொண்டே இறங்கத் துணிகிறது. எல்லா வனப்பூனைகளும் இப்படிச் செய்வதில்லை. உன் பூனை கெட்டிக்காரப் பூனை. அதன் பாதங்களையும் ஒருமுறை பார். விரல்களுக்கு நடுவே உரோமக் குஞ்சங்கள் இருக்கும், பனியில் நடக்க அவை உதவும்.

எங்கள் வீட்டுப் பூனை நாங்கள் சாப்பிடுவதையே சாப்பிடுகிறது. மீன்குழம்பில் பிசைந்த சோறு, பால் எல்லாம். ஊரில் பூனைகள் இப்படித்தானே வளர்ந்தன?
– வாசகர், ஒஸ்லோ

ஊர்ப் பூனைகள் சோற்றோடு பல்லியும் எலியும் ஓணானும் தின்றன, ஐயா. அவற்றை வளர்த்தது அந்த இறைச்சிதான். உங்கள் வனப்பூனை வீட்டுக்குள் இருக்கிறது, அதற்கு அந்த வசதி இல்லை. பூனை முழுக்க முழுக்க இறைச்சி உண்ணும் விலங்கு. டோரின் என்ற சத்தை அதன் உடல் போதிய அளவு தயாரித்துக்கொள்ளாது. அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும்.

குழம்பில் என்னைப் பயமுறுத்துவது மிளகாய் அல்ல, வெங்காயமும் பூண்டும்தான். அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். சமைத்தாலும் நஞ்சு போகாது, பொடியாக இருந்தாலும் போகாது. தினமும் சிறிது சிறிதாகக் கொடுப்பதும் ஆபத்தே. மீன் கொடுக்க ஆசையா? குழம்பு வைக்கும் முன், உப்புப் புளி எதுவும் சேர்க்காமல் ஒரு துண்டை அவித்து, முள் நீக்கிக் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் போதும், மற்ற நாட்களில் நிறைவான பூனை உணவு. பாலை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வையுங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது.

இதோடு ஒன்று. எத்தனையோ அம்மம்மாக்கள் பூனைக்குக் காய்ச்சல் என்று நினைத்துப் பனடோலைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறார்கள். இங்கே கிடைக்கும் பாராசெட்டும் அதே பாராசிட்டமோல் மருந்துதான். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே ஒரு மாத்திரை பெரிய பூனையையும் கொன்றுவிடும். தயவுசெய்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

ஹேட்மார்க்கில் ஒரு பண்ணையிலிருந்து நீள உரோமக் குட்டி ஒன்றைச் சும்மா தந்தார்கள். 'ஸ்கூக்கத்' (நோர்வேஜிய மொழியில் வனப்பூனை) என்றுதான் சொன்னார்கள். பத்திரம் எதுவும் இல்லை. இது உண்மையான வனப்பூனையா?
– வாசகி, ஹாமர்

பதிவேட்டுக் கணக்கில் இல்லை. வம்சப் பத்திரம் இருந்தால்தான் இனப்பூனை என்பார்கள். ஆனால் அந்தப் பதிவேடு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

பழைய நோர்ஸ் புராணத்தில் ஃப்ரேயா என்ற தேவியின் தேரை இழுப்பவை இரண்டு பூனைகள். நீள உரோமப் பூனைகள் இந்த நாட்டுப் பண்ணைகளில் நெடுங்காலமாகவே இருந்தன. அவற்றை ஓர் இனமாகப் பேண வேண்டும் என்ற எண்ணம் 1930களில்தான் எழுந்தது. 1938இல் ஒஸ்லோவில் அதற்கென ஒரு சங்கம் அமைந்தது. போர் வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. குட்டை உரோமப் பூனைகளோடு கலந்து கலந்து, இனமே கரைந்துபோகும் நிலை வந்தது. 1970களில் ஆர்வலர்கள் பண்ணை பண்ணையாகத் தேடி, பொருத்தமான பூனைகளைச் சேர்த்து மீண்டும் தொடங்கினார்கள். 1975இல் இந்த இனத்துக்கான சங்கம் உருவானது. 1977இல் பூனை ஆர்வலர் கார்ல் பிரெடெரிக் நூர்தானெயின் முயற்சியால் ஐரோப்பியப் பூனைச் சம்மேளனம் இதைத் தனி இனமாக ஏற்றது. இனத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்ட ஆண் பூனையின் பெயர் பான்ஸ் துருல்ஸ். இன்று பத்திரத்தோடு உலாவும் பூனைகளின் முப்பாட்டன்கள் எல்லாம், உங்கள் குட்டி பிறந்தது போன்ற களஞ்சியங்களில் பத்திரம் இல்லாமல் பிறந்தவர்களே. எனவே உங்கள் குட்டி எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

தோற்றத்தில் பார்க்க வேண்டுமென்றால் பக்கவாட்டிலிருந்து முகத்தைப் பாருங்கள். நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை குழிவில்லாமல் நேர்கோடாக இறங்கினால், முகம் முக்கோணமாக இருந்தால், வனப்பூனைச் சாயல்தான். மூக்கும் வாயும் சதுரமாகத் துருத்தியிருந்தால் அது மெயின் கூன் என்ற அமெரிக்கப் பூனை இனத்தின் சாயல். பண்ணைக் குட்டி என்பதால் குடற்புழு மருந்து, தடுப்பூசி, உண்ணிச் சோதனை மூன்றையும் உடனே செய்யுங்கள். நாலைந்து மாதமானதும் கருத்தடை செய்துவிடுங்கள். இந்த நாட்டுக் குளிர்காலத்தில் வீடில்லாப் பூனைகள் படும் பாட்டைப் பார்த்தவள் என்பதால் இதை வற்புறுத்தியே சொல்கிறேன்.

பத்திரத்தோடு குட்டி வாங்க முன்பணம் கொடுக்கப் போகிறோம். 'பெற்றோர் இரண்டுக்கும் சோதனை செய்தாயிற்று' என்கிறார் விற்பவர். எந்தச் சோதனை என்று கேட்க வேண்டும்?
– வாசகர், ட்ரொன்ஹெய்ம்

நல்ல கேள்வி, இதை முன்பணத்துக்கு முன் கேட்டது இன்னும் நல்லது. 'சோதனை செய்தாயிற்று' என்ற வாய்ப்பேச்சு போதாது. ஆய்வுகூட முடிவைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கிளைக்கோஜன் சேமிப்புக் கோளாறு, நான்காம் வகை. இந்த இனத்தில் வருகிற கொடிய நோய் இது. சர்க்கரையை உடலில் முறையாகக் கிளைவிட்டுச் சேமித்து வைக்கும் நொதி ஒன்று வேலை செய்யாது. பாதிக்கப்பட்ட குட்டிகளில் பெரும்பாலானவை பிறக்கும்போதே, அல்லது பிறந்த சில மணிகளில் இறந்துவிடும். பிழைப்பவை முதல் மாதங்களில் இயல்பாக விளையாடும். ஐந்து மாத அளவில் நடுக்கமும் கால்களில் பலவீனமும் தொடங்கும். பிறகு தசை கரைந்துகொண்டே போகும். மருந்து இல்லை. குட்டியோடு பிள்ளைகள் நன்றாகப் பழகிய பிறகு இது வருவதுதான் தாங்க முடியாதது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அந்தப் பூனை ஆரோக்கியமாக வாழும், ஆனால் பழுதைச் சுமந்துகொண்டிருக்கும். சுமக்கும் இரண்டு பூனைகள் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வருவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பெற்றோரில் ஒன்றேனும் பழுதில்லாதது என்று முடிவு காட்டினால் இந்த நோய் குட்டிக்கு வராது. இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய நோயால் ஒரு குட்டி இறப்பதை நான் மன்னிக்க மாட்டேன். இரத்தமோ கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்த பஞ்சோ போதும், முடிவு வந்துவிடும்.

அடுத்தது பைருவேட் கைனேஸ் குறைபாடு. விட்டுவிட்டு இரத்தசோகை தரும் மரபு நோய். இதற்கும் அதே போன்ற மரபணுச் சோதனை உண்டு. மூன்றாவது இதயத்தசை தடிக்கும் நோய். இதற்கு இந்த இனத்தில் மரபணுச் சோதனை கிடையாது. பெற்றோரின் இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்த அறிக்கையைக் கேளுங்கள், அது எந்த வருடத்து அறிக்கை என்றும் பாருங்கள். பழைய அறிக்கை போதாது, ஏனென்றால் நோய் வயதாகத்தான் வெளிப்படும். இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுத்திருந்தால் இன்னும் நல்லது. அக்கறையுள்ள வளர்ப்பாளர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிடுவார். கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் விடைபெற்று வந்துவிடுங்கள்.

என் தம்பி நோர்வேயில் இருக்கிறான். அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஒரு வனப்பூனைக் குட்டியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவரச் சொல்லலாமா? வீட்டில் ஏ.சி. இருக்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

கொண்டுவர வேண்டாம் என்பதே என் பதில். மேலே எழுதிய இரண்டடுக்கு உரோமத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அந்தக் கம்பளி கோடையில் குறையுமே தவிர, முழுவதும் போகாது. ஏ.சி. அறைக்குள் பூட்டி வைத்தால் ஏறவும் வேட்டையாடவும் பிறந்த பூனைக்கு ஓர் அறைதான் உலகம். ஏப்ரலில் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? உங்கள் தெருவிலேயே ஆண்டுதோறும் குட்டிகள் பிறக்கின்றன, அந்த வெயிலுக்கென்றே அமைந்த உடலோடு. அதில் ஒன்றை எடுத்து, தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து வளருங்கள்.

நோர்வேயிலிருந்து பூனையோடு ஊர் போய்வர நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். திரும்பி வருவதுதான் கடினம். நோர்வேப் பெருநிலத்தில் வெறிநோய் இல்லை, அதனால் இந்தியாவிலிருந்து வரும் பூனைக்குக் கடுமையான விதிகள். மைக்ரோசிப், வெறிநோய்த் தடுப்பூசி, ஊசி போட்டு 30 நாளாவது கழிந்த பின் இரத்தச் சோதனை, அதன் பிறகு மூன்று மாதக் காத்திருப்பு. நோர்வேயை விட்டுக் கிளம்பும் முன்பே ஊசியையும் இரத்தச் சோதனையையும் முடித்து, நல்ல முடிவைப் பூனையின் பாஸ்போட்டில் பதிந்துகொண்டால் அந்த மூன்று மாதம் மிச்சம். டிக்கெட் எடுக்கும் முன் நோர்வே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அன்றைய விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பூனை வெளியே போய்வருகிறது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– வாசகி, கிறிஸ்தியான்சன்

உங்கள் பகுதியில் உண்ணி அதிகம். வெளியே போய்வந்ததும் கழுத்துப் பிடரிக்குள் விரலை விட்டுத் தேடுங்கள். உண்ணி மருந்து பூனைக்கென்று எழுதியதாக மட்டுமே இருக்கட்டும். நாய்க்கான மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பைத் தந்து கொல்லும். வீட்டில் லில்லி மலர் வைக்கவே வேண்டாம். அதன் மகரந்தம் நீள உரோமத்தில் ஒட்டும், பூனை நக்கும், சிறுநீரகம் செயலிழக்கும். குளிர்காலத்தில் தெருவில் தூவிய உப்பு பாதக் குஞ்சங்களில் ஏறியிருக்கும், வெதுவெதுப்பான நீரில் துடைத்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் கொடியது காரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம். கராஜில் சிந்தியதைச் சிறிதளவு நக்கினாலே போதும். பூனை குடிபோதையில் இருப்பது போலத் தள்ளாடும், பிறகு தேறியது போலத் தெரியும், அதற்குள் சிறுநீரகம் போய்விடும். முறிமருந்து பலிப்பது முதல் சில மணி நேரத்தில் மட்டுமே. தள்ளாடும் பூனையைக் கண்டால் 'காலை வரை பார்ப்போம்' என்று இருக்காதீர்கள். இரவுநேர மிருக வைத்தியரின் எண்ணை இன்றே கைப்பேசியில் சேமித்துவிடுங்கள். போகும்போது என்ன திரவம் என்று தெரிந்தால் அந்தப் போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள்.